லூர்துமேரி டீச்சரின் மழைக் கையுறை

குடம் வாங்கினாலும் தண்ணீர் ஊற்றிப் பார்க்காமல் வாங்காதவர் மாரெட்பள்ளியில் குடியிருக்கும் லூர்துமேரி டீச்சர். போலாரம் பள்ளிக்குப் புல்லட்டில் போகிறவர், மழைக்கான கையுறை வாங்கப் போன கடையிலும் ஒரு வாளி தண்ணீர் கேட்டார்.

"வாட்டர்ப்ரூஃப்தான் மேடம்" என்று கடைக்காரர் கெஞ்சினார்.

"பேச்செல்லாம் நக்கோ பாய், வேணாம்" என்று கையுறையை மாட்டி மணிக்கட்டுவரை வாளியில் முக்கினார். பெண்கள் அளவு, விரல் முட்டிகளுக்குக் கெட்டியான காப்பு, உள்ளே பொட்டு ஈரமில்லை. வாங்கிவிட்டார்.

மறுநாள் அடைமழை. புதுக் கையுறை நாலு பேர் கண்ணில் பட வேண்டாமா? ரெயின்கோட்டின் கையை அதற்குள் செருகிக்கொண்டு கிளம்பினார். கோட்டில் வழிந்த மழையெல்லாம் நேராகக் கையுறைக்குள் இறங்கியது.

வீட்டுக்கு வந்து கவிழ்த்தால் அரைச் சொம்பு தண்ணீர். கணவர் அமல்ராஜ் எட்டிப் பார்த்தார்.

"நல்ல சரக்குதான் மேரி. ஒரு சொட்டுகூட வெளியே விடலையே!"