மேஜை இல்லாத சலோமியா

எல்லையோர ரயில் நிலையத்துச் சாப்பாட்டுக் கடையில் சூப் ஊற்றுகிற சலோமியாவின் வீட்டில் மேஜை கிடையாது. வாங்க வக்கில்லாமல் இல்லை, எல்லாம் வீம்பு. அம்மா இறந்து பாகம் பிரித்தபோது, அப்பா செய்திருந்த ஓக் மரத்து மேஜையை அண்ணன் வாலென்டி தூக்கிக்கொண்டு போய்விட்டான். வேறொன்று வாங்கினால் அவனுக்கு விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடுமாம். அதனால் மகராசி மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அண்ணனும் தூரத்தில் இல்லை, ஒரே முற்றத்தின் எதிர்ப்பக்கம்தான். ஆனால் வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லை.

கடைக்கு ரஷ்யர், செக், உக்ரேனியர் என்று பல ஊர் ரயில்காரர்கள் வருவார்கள். மேஜைக்கு மட்டும் எல்லோருமே 'ஸ்தோல்', 'ஸ்தூல்' என்று ஏறக்குறைய அவள் ஊர்ப் பேரையே சொல்வார்கள். ஒரு பல்கேரியன் 'ஸ்தோல்' கேட்டான் என்று இவள் மேஜையைத் துடைத்து வைக்க, அவன் நின்றுகொண்டே இருந்தான். அவன் ஊரில் அது நாற்காலியாம்! பனியால் ரயில் நின்றுபோன ஒருநாள், மொழி படித்த பயணி ஒருவர் அதற்கு விளக்கம் சொன்னார். 'விரிப்பது' என்ற பழைய சொல்லிலிருந்து பிறந்த பேர் அது. பலகையும் காலும் வருவதற்கு முன்னால் தரையில் விரித்ததற்கே அந்தப் பேர் இருந்திருக்கும். பிறகு சிலர் அதன்மேல் சாப்பிட்டார்கள், சிலர் உட்கார்ந்தார்கள் என்றார்.

"விரிச்சாலே போதும்னா எங்க அண்ணன் எதுக்கு நாலு காலையும் தூக்கிட்டுப் போனான்?" என்றாள் சலோமியா. கடையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில்தான் ஒரு செய்தி வந்தது. வாலென்டி வீட்டை விற்றுவிட்டான், புத்தாண்டு கழிந்ததும் கடற்கரைப் பட்டணத்தில் இருக்கும் மகனிடமே போய்விடப் போகிறான், இனி இந்தப் பக்கம் வரமாட்டான். போனால் போகட்டும் என்றாள் சலோமியா. அன்று சூப்பில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. இந்தக் கிறிஸ்துமஸ் போனால் அண்ணனும் போய்விடுவான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை எல்லா வீட்டிலும் ஒரு தட்டு கூடுதலாக வைப்பார்கள். யார் வந்தாலும் மறுக்கக்கூடாது. ஆனால் அந்தத் தட்டுக்கு யாரையும் கூப்பிடுவதும் வழக்கமில்லை, வருகிறவர்களாக வரவேண்டும். சலோமியா வருஷா வருஷம் அதை வைத்துவிட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இந்த வருஷமும் அந்த மாலை முதல் நட்சத்திரம் வந்ததும், வழக்கப்படி மேஜைத்துணிக்கு அடியில் பரப்புகிற உலர்ந்த புல்லுக்காக, இரண்டு வீட்டுக்கும் பொதுவான கொட்டகைக்குப் போனாள். உள்ளே வாலென்டி ஏற்கனவே கை நிறையப் புல்லோடு நின்றான்.

"உனக்கெதுக்குடி புல்லு? பரப்ப மேஜையே கிடையாதே."

"தரையில பரப்புவேன். உனக்கென்ன வந்துச்சு?"

அவன் சட்டையில் ஒட்டிய புல்லை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு நின்றான். "வருஷா வருஷம் உனக்குன்னு ஒரு தட்டு வைக்கிறேன். நீ ஒரு தடவைகூட வரல."

"நானுந்தாண்ணே வச்சேன்."

இரண்டு வீட்டிலும் விருந்தாளிக்காகக் காத்திருந்தால் விருந்தாளி எங்கிருந்து வருவான்? பாவிகள், நடுவில் ஒரு முற்றம்தானே இருந்தது.

மேஜை தன்னிடம்தான் இருக்கிறது, அங்கேயே சாப்பிடலாம் என்று அவன் கூப்பிட்டான். அவள் அசையவில்லை. "நீ வா. புல்லு இருக்கு, துணி இருக்கு. முதன்முதல்ல தரையில விரிச்சதுக்குத்தான் மேஜைங்கிற பேராம்."

அவனே வந்தான். தரையில் புல்லைப் பரப்பித் துணியை விரித்தார்கள். பழைய வருத்தம் தீர அன்று எல்லோரும் பிட்டுப் பகிரும் மெல்லிய அப்பத்தை இருவரும் பிட்டுக்கொண்டார்கள். முட்டி முனக உட்கார்ந்தவன் பீட்ரூட் சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு, "இது ஆடாம நிக்குது. அப்பா செஞ்சதுல ஒரு கால் கட்டை. இத்தனை நாளும் அட்டையை மடிச்சு முட்டுக் குடுத்துட்டு இருக்கேன்" என்றான். அதற்காகவா இவ்வளவு சண்டை என்று அவள் சிரித்தாள். அப்புறம் அழுதாள்.

புத்தாண்டு கழிந்து லாரி வந்தது. எல்லாச் சாமானும் ஏறின, மேஜை மட்டும் ஏறவில்லை. அதை அவனே தூக்கி வந்து அவள் வீட்டு நடுவில் போட்டு, அட்டையையும் சரியாகச் செருகிவிட்டுப் போனான்.

இப்போது சலோமியா மேஜையில்தான் சாப்பிடுகிறாள். கூடுதல் தட்டு வைக்கக் கிறிஸ்துமஸ் வரை அவளுக்குப் பொறுமை இல்லை. தினமும் எதிரே ஒன்று வைக்கிறாள்.