முட்டுக்கட்டை அக்கா

அலுவலகத்தில் அவளுக்கு அதுதான் பெயர். பேருந்துச் சீட்டு எடுக்கும் செயலியை உருவாக்குகிற குழுவுக்கு அவள் தலைவி. தினமும் காலையில் குழு வட்டமாக நிற்கும். உட்கார்ந்தால் பேச்சு வளரும் என்பதால் நாற்காலிக்குத் தடை. நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப்போகிறாய், முட்டுக்கட்டை ஏதாவது உண்டா? இவ்வளவுதான் கேள்வி. கடைசிக் கேள்விக்கு யாராவது "ஒண்ணும் இல்லக்கா" என்றால் லேசில் விடமாட்டாள். துருவித் துருவிக் கேட்பாள். புதிதாகக் குழு நடத்த வருகிறவர்களிடமும் இதையேதான் சொல்வாள்: "வேலை எவ்வளவு முடிஞ்சுதுன்னு குடையாதீங்க. எது தடுக்குதுன்னு கேளுங்க. 'ஒண்ணும் இல்ல'ங்கிறது பதிலே இல்ல."

கெட்டிக்காரிதான். என்ன, அந்தக் கெட்டிக்காரத்தனம் வீட்டில் மட்டும் செல்லுபடியாகவில்லை.

அவள் கணவன் கடல் கடந்து போய்ப் பாலம் கட்டிக்கொண்டிருந்தான். அவன் வேலை முடிந்து வந்து உட்காரும் நேரம்தான் இவளுக்குக் காலைப் பரபரப்பு. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, மகளுக்குத் தலை வாரியபடியே பேசுவாள். நேரம் போதவில்லை என்று அலுவலகத்துக் கேள்விகளை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். குடித்தனத்தைக் குழுக்கூட்டம் மாதிரி நடத்திய மகா புத்திசாலி உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு அதுவே பழகிப்போனது. "முட்டுக்கட்டை ஏதாவது?" என்று அவன் கேட்பான். "ஒண்ணும் இல்லீங்க" என்பாள். அவன் துருவுகிற ஆள் இல்லை. சொன்னதை அப்படியே நம்புகிற ரகம்.

ஆனால் இருந்தது. கட்டிலில் அவன் படுக்கும் பக்கம் துவைத்த துணி மலையாகக் குவிந்து கிடந்தது. மடித்து எடுத்துவிட்டால் அந்த இடம் வெறிச்சென்று தெரியும். அதைப் பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை. வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால்கூட, அவனில்லை என்று தெரிந்தும் எட்டிப் பார்ப்பாள். அப்படி ஓர் ஏக்கம்.

அன்று காலை அவன் சொன்னான்: "இன்னொரு பாலம் வந்திருக்கு. ரெண்டு வருஷம் கூட இருக்கச் சொல்றாங்க. உனக்கு முட்டுக்கட்டை ஏதாவது?"

சீப்பு மகளின் தலையிலேயே நின்றுவிட்டது. வந்துடுங்க என்ற சொல் தொண்டை வரை வந்தது.

"ஒண்ணும் இல்லீங்க. உங்க இஷ்டம்" என்றாள். அவன் முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாதாம்!

அலுவலகத்தில் வட்டம் கூடியது. செயலியைச் சோதித்துப் பார்க்கும் பெண்ணின் வேலை ஒரு வாரமாக நகரவில்லை.

"என்னம்மா தடுக்குது?"

"ஒண்ணும் இல்லக்கா."

"இருக்கு. சொல்லு."

அந்தப் பெண் நெளிந்தாள். "சோதனை பண்ற பழைய போனை நீங்கதான்க்கா செயலியை வெளியில யாருக்கோ காட்டணும்னு எடுத்துட்டுப் போனீங்க. திருப்பித் தரவே இல்ல."

குழு கொல்லென்று சிரித்தது.

"வாயைத் திறந்து கேட்டா என்னவாம்?"

"உங்களுக்கு என்ன அவசரமோன்னு நினைச்சேன். நீங்களே புரிஞ்சுக்கிட்டுக் கொடுப்பீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன்க்கா."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பையிலிருந்து அந்தப் போனை எடுத்துக் கொடுத்தாள். "இதோ வந்துடறேன்" என்று படிக்கட்டுப் பக்கம் போய்க் கணவனை அழைத்தாள்.

"என்ன, இந்த நேரத்துல?"

"இருக்குங்க."

"என்ன இருக்கு?"

"முட்டுக்கட்டை. நீங்க இல்லாம என்னால முடியல. வந்துடுங்க."



"நீ போனை வச்சதுமே கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேனே" என்றான். குரல் உடைந்திருந்தது. "நீ வேண்டாம்னு சொல்லுவேன்னு நினைச்சுத்தான்டி உன்கிட்ட கேட்டேன்."

உள்ளே அவளுக்காகக் குழு இன்னும் நின்றுகொண்டிருந்தது.