சகுனம் என்று எழுதியது நான்

போர் நிறுத்தம் வந்து பாதைகள் திறந்திருந்த காலம். மன்னாரில் சிறுதொழில்களுக்கு உதவும் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கொழும்பில் வளர்ந்து வணிகம் படித்தவன் என்ற மிதப்பு எனக்குக் கொஞ்சமல்ல.

அங்கே ஒருவர், தன்னிடமிருந்த ஒரேயொரு பழைய வானை வைத்து, வெளிநாட்டிலிருந்து வரும் நம்மவர்களுக்கு இடம் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். கோட்டை, யானைபோல் பருத்த பெருக்க மரம், தலைமன்னார், பிறகு தெற்கே கொண்டச்சிப் பக்கக் கடற்கரை. வானின் என்ஜின் சாகக் கிடந்தது. புது என்ஜின் கேட்டு எங்களிடம் விண்ணப்பித்திருந்தார். தொழில் தேறுமா என்று பார்த்து எழுதுவது என் பொறுப்பு. ஒருநாள் அந்த வானிலேயே ஏறினேன். இரண்டு சின்னப் பிள்ளைகளோடு கனடாக் குடும்பம் ஒன்றும் வந்தது.

கடற்கரைப் பக்கம் போனதும் மனிதர் வானை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தார். பத்து நிமிடம், இருபது நிமிடம். வெயில் கொளுத்தியது.

"என்ன அண்ணை, இறங்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் பொறுங்கோ சேர். ஆரும் வரட்டும்."

கடைசியில் விறகுக் கட்டோடு ஒரு பெண் பற்றைக்குள்ளிருந்து வந்தாள். அவள் கடந்து போன பிறகுதான் கதவைத் திறந்தார். அவள் வந்த தடத்தில் தான் முன்னே நடந்து, "முள்ளுக் கிடக்கு, எனக்குப் பின்னால வரிசையா வாங்கோ" என்று எங்களைக் கூட்டிப்போனார். அடுத்த இடத்திலும் அதே காத்திருப்பு. இந்தமுறை ஆடு மேய்ப்பவர் ஒருவர் வந்தார்.

நான் பெரிய கெட்டிக்காரன் அல்லவா, உடனே விளங்கிக்கொண்டேன். மனிதர் சகுனம் பார்க்கிறார். "சகுனம் பார்த்து நேரத்தை வீணாக்குகிறார். நாலு இடம் காட்டும் நேரத்தில் ஏழு இடம் காட்டலாம். தொழில் நோக்கு இல்லை" என்று அன்று பின்னேரமே அறிக்கை எழுதினேன். கந்தோரில் வாசித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்கவும் வைத்தேன்.

மறுப்புக் கடிதத்தில் அந்தக் காரணத்தையும் சேர்த்தே அனுப்பிவிட்டார்கள். அதைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு அவர் வந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கதிரையின் நுனியில் இருந்தார்.

"சகுனம் எண்டு எழுதியிருக்கிறீங்கள் சேர். நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவன். எனக்கேது சகுனம்? அந்தப் பக்கம் இன்னும் மிதிவெடி எடுத்து முடியேல்லை. ஊர் ஆக்கள் நடந்து வாற தடத்தைப் பாத்துத்தான் நான் ஆக்களை இறக்கிறது. சின்னப் பிள்ளையள் வானுக்க இருக்கேக்க அதை எப்பிடிச் சேர் சொல்லுறது?"

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மேலிடத்துக்கு மறுபடி எழுதினேன். ஆனால் "புதிய தகவல் கிடைத்துள்ளது" என்றுதான் எழுதினேன், நான் பிழைவிட்டேன் என்று எழுதவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம். பிறகு பார்ப்போம் என்று பதில் வந்தது. யாரும் பார்க்கவில்லை. சில மாதங்களில் அந்த வான் அவருடைய வளவுக்குள் நின்றுவிட்டது. அதன்பிறகு பாதைகளும் மூடின.

முதல் அடியைத் தான் வைத்து, என்னையும் உயிரோடு திருப்பிக் கொண்டுவந்து விட்ட மனிதரைப் பற்றித்தான் நான் அப்படி எழுதினேன் என்று நினைக்கும்போது, இத்தனை வருடம் கழித்தும் வெட்கத்தில் உடம்பு கூசுகிறது.