பெண்கள் வரிசையில் என் அக்கா

ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலம். ரெம்பாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம்: அம்மா, அக்கா, நான். அப்பா சண்டை வருவதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. தோட்டத்துப் பள்ளியை முடித்துவிட்டுச் சிரம்பானில் இன்னும் இரண்டு வகுப்பு படித்திருந்ததால் லயத்தில் எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. இப்போது எண்பது தாண்டிவிட்டது. மாத்திரைகளை எண்ணி வைத்தாலும் எதை விழுங்கினேன், எதை விட்டேன் என்று சந்தேகம் வருகிறது. அந்த ஒரு காலைப் பொழுது மட்டும் கலையாமல் இருக்கிறது.

முதலில் அக்காவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஆண் பிள்ளை என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் அவள். இன்று திருநங்கை என்று மரியாதையாகச் சொல்கிறோம். அன்று லயத்தில் வழங்கிய சொற்களை எழுத எனக்குக் கை வரவில்லை. பதினேழு வயதில் ஒரு நாள், தான் பெண் என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா அழுதாள், மாரியம்மன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள், கடைசியில் தன் பழைய சேலை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

அம்மா கப்பலேறி வருவதற்கு முன் ஊர்த் திருவிழாக்களில் அப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறாள். கை நிறைய வளையல், தலை நிறையப் பூ, ஆட்டம், பாட்டு. தன் பிள்ளையும் அப்படித்தான் ஆகும் என்று மனசைத் தேற்றி வைத்திருந்தாள். அக்காவோ சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு விறகு பிளந்தாள். கூரை ஒழுகினால் தானே ஏறி அடைத்தாள். அவள் சிரித்தால் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். பூ வைத்தால் தலை அரிக்கிறது என்பாள். அவள் வைத்த ரசத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லாமல் இருப்பதுதான் நல்லது.

"பொம்பளன்னு அவ்வளவு அடம் புடிச்சியே, இதுக்கா? கூரை மேல ஏறுறதுக்கா?" என்று அம்மா கேட்பாள். அம்மாவின் தம்பி, அதாவது எங்கள் மாமா, தோட்டத்தில் மண்டோர். ஆட்களை மேய்த்துப் பழகிய குரல் அவருக்கு. "எல்லாம் நடிப்பு. அதையாச்சும் ஒழுங்கா நடிக்குதா பாரு" என்று எல்லோர் முன்னாலும் சொல்வார். அக்கா அதற்கும் சிரிப்பாள். ஆனால் அன்றைக்கு விறகு கொஞ்சம் அதிகமாகவே பிளக்கப்பட்டிருக்கும்.

பிறகு சயாம் ரயில் வந்தது. சயாம் காட்டில் தண்டவாளம் போட ஜப்பான்காரர்கள் தோட்டம் தோட்டமாக ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கள் தோட்டத்தில், ஒரு வீட்டில் இரண்டு ஆண்கள் இருந்தால் ஒருவர் போக வேண்டும் என்று உத்தரவு. ஒரே ஆண் உள்ள வீட்டை இப்போதைக்கு விட்டுவிடுவார்களாம். எங்கள் வீட்டில் ஆண் ஒன்றா, இரண்டா? எதையும் எண்ணிப் பார்க்காமல் தூங்காத எனக்கு இந்த ஒரு கணக்கு மட்டும் எத்தனை முறை எண்ணியும் முடியவில்லை.

மாமாவும் ஆடிப்போய்விட்டார். அவருக்கும் நாங்கள்தான் இரத்த உறவு. பிற்பகலில் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒரு வழி சொன்னார். நாளைக் காலைப் பெரட்டில் அக்கா வளையல் போட்டு, பூ வைத்து, தலையைக் குனிந்துகொண்டு மெல்ல நடந்து வந்து பெண்கள் பக்கம் நிற்க வேண்டும். ஆள் கணக்கு எழுதும் கிராணி நம்பிவிடுவார். இப்போது இருக்கிற மாதிரி வந்து நின்றால், சயாமுக்குப் பயந்து சேலை கட்டியவன் என்றுதான் சொல்வார்கள். காலையில் வேலைக்குப் போகுமுன் எல்லோரும் களத்தில் நின்று ஆள் கணக்குக் கொடுப்பதற்குத்தான் பெரட்டு என்று பெயர். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. அக்கா எப்போதும் பெண்கள் வரிசைக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளித் தனியாக நிற்பாள். அதுவரை அதை யாரும் கேட்டதில்லை.

அம்மா ஓடிப்போய்க் கண்ணாடி வளையல் இரவல் வாங்கி வந்தாள். அக்கா தொடவில்லை. ஒரு நாளைக்குத்தானே என்று நானும் கெஞ்சினேன்.

அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "பூ வச்சாத்தான் நான் பொம்பளன்னா, அத எடுத்தவுடனே ஆம்பளையாயிடுவேனா? அப்படி வந்து வந்து போறது இல்லடா இது. கிராணி என்னைய ஆம்பளன்னு எழுதினா எழுதட்டும், நானே சயாமுக்குப் போறேன். நீ அம்மாகூட இரு. ஆனா வேஷம் மட்டும் போட மாட்டேன்."

அம்மா அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வளையல்களை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் களத்துக்குப் போனோம். அக்கா தினமும் வருகிற மாதிரியே வந்தாள். சேலைக்கு மேல் அப்பாவின் பழைய சட்டை, இடுப்பில் சாக்கு, தலையில் முண்டாசு. அம்மாவின் முந்தானை முடிச்சில் வளையல்கள் இருந்தன. கையில் நந்தியாவட்டைச் சரம். கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், பயந்த மனிதர். மத்தியானம் ஜப்பான்காரன் லாரி வருவதற்குள் ஆட்களின் பெயரைக் கொடுக்காவிட்டால் அவர் கன்னம்தான் பழுக்கும். அக்காவைக் காட்டி மாமாவிடம் கேட்டார்: "மண்டோர், இந்த ஆள் எந்த வரிசை? இண்டைக்கு முடிவாச் சொல்லவேணும்."

மாமா அம்மாவுக்குக் கண் காட்டினார். அம்மா பூவை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனாள். அப்போது பெண்கள் வரிசையிலிருந்து பக்கத்து வீட்டுச் சின்னம்மா பேசினாள். அவள் வாய்க்கு மாமாவே பயப்படுவார்.

"எக்கா, என்னா காரியம் பண்றீங்க? நாங்க எங்க புள்ளைங்க முடியையே வெட்டி வுட்டுருக்கோம். இவளுக்குப் பூ வச்சு வுட்டா, லாரியில வர்றவன் மொதல்ல இவளத்தானே தூக்கிட்டுப் போவான்?"

யாரோ ஒரு பெண் சிரித்தாள். அம்மா அப்படியே நின்றுவிட்டாள். திரும்பிப் பெண்கள் வரிசையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். சிப்பாய்களுக்குப் பயந்து இளம் பெண்கள் எல்லோரும் முடியைக் கத்தரித்திருந்தார்கள். அண்ணன், புருஷன் சட்டைகளை மாட்டியிருந்தார்கள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது தாய்மார்கள் அவர்கள் முகத்தில் அடுப்புக்கரியைப் பூசி அனுப்புவார்கள். ஐம்பது பெண்களுக்கு மேல் நின்ற அந்த வரிசையில் ஒரு தலையிலும் பூ இல்லை. ஒரு கையிலும் வளையல் இல்லை. பெண் மாதிரி இல்லை என்று அக்காவைச் சொன்னால், அங்கே நின்ற யாரைத்தான் பெண் என்பது? அம்மாவே அப்பாவின் இன்னொரு சட்டையில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

அம்மா பூவைக் கீழே போட்டாள். பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணின் கன்னத்திலிருந்து கரியை விரலால் வழித்து அக்காவின் இரண்டு கன்னத்திலும், நெற்றியிலும் தேய்த்தாள். அக்கா சின்னக் குழந்தை மாதிரி முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். யார் எதைச் சொன்னாலும் சிரிக்கிறவள், அப்போது சிரிக்கவில்லை. அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்து, தனக்கும் சின்னம்மாவுக்கும் நடுவில் நிறுத்தினாள்.

"ஐயா, இவ என் மக. எங்க வூட்டுல ஆம்பள ஒருத்தன்தான்."

கிராணி மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார். பிறகு மெல்ல, "ஆமாங்க, என் அக்கா மகதான்" என்றார். கிராணி பெண்கள் வரிசையை முதலிலிருந்து எண்ணினார். அக்காவிடம் வந்தபோது அவர் விரல் நிற்குமோ என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்கவில்லை. எண்ணிக்கொண்டே கடந்து போனார்.

அன்று மத்தியானம் லாரியில் ஏறியவர்களில் என்னோடு படித்தவர்கள் இருந்தார்கள். பெரும்பாலானோர் திரும்பவில்லை. அதை நினைத்தால் இந்தக் கதையைச் சந்தோஷமாகச் சொல்ல வாய் கூசுகிறது. இருந்தாலும் சொல்கிறேன். அக்கா அதற்குப் பிறகு நெடுங்காலம் இருந்தாள். சண்டை முடிந்து மறுபடி ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனாள், சைக்கிள் பழகினாள், அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு சிரம்பான் ஆஸ்பத்திரிவரை மிதித்தாள். அம்மா வழி நெடுகத் திட்டிக்கொண்டே போவாள். அக்காவுக்கு ரசம் மட்டும் கடைசிவரை வரவில்லை. பூவைப் பற்றி அம்மா அப்புறம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

போன மாதம் எங்கள் தாமான் குடியிருப்பில் ஒரு தம்பதி என்னிடம் வந்து அழுதார்கள். அவர்கள் பிள்ளை, தான் பெண் என்று சொல்கிறாளாம். ஆனால் மோட்டார் ரிப்பேர் செய்கிறாள், பொட்டுகூட வைப்பதில்லை, எப்படி நம்புவது என்று கேட்டார்கள். நான் அவர்களுக்கு இதைத்தான் சொன்னேன். அவர்கள் முழுக்க நம்பினார்களா, தெரியவில்லை. ஆனால் போகும்போது அந்த அம்மாள், இருட்டுவதற்குள் வீட்டுக்கு வா என்று போனில் மகளிடம் சொல்லிக்கொண்டே போனார். மகள் எப்படி நடக்கிறாள், எப்படிச் சிரிக்கிறாள் என்று பரீட்சை வைப்பதை விட்டுவிட்டு, அவள் பத்திரமாக வந்து சேர்ந்தாளா என்று கவலைப்படத் தொடங்கினாலே பாதி தூரம் வந்துவிட்டோம் என்று நினைக்கிறேன். வாழ்நாள் முழுவதும் கவலைப்பட்டே பழகியவன் சொல்கிறேன், அது அப்படியொன்றும் கஷ்டமான வேலை இல்லை.