ஆரூரன் போட்ட முள்வேலி

ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே, தண்டவாளம் கழற்றிச் சைக்கிள் பாதையாக்கிய பழைய ரயில் பாதையோரம், ஆரூரனுக்கு ஒரு தோட்டத் துண்டு உண்டு. தோட்டச் சங்கம் வாடகைக்குக் கொடுத்தது. பஸ் டிப்போவில் வேலை முடிந்தால் நேரே அங்கேதான் போவார்.

ஐந்து வருடங்களுக்கு முன், பாதையால் வரும் நாய்கள் அவருடைய பயற்றங்கொடிகளை மிதித்தன. உயர வேலி போடச் சங்க விதி இடம்தரவில்லை. பாதையோரம் ஒரேயொரு பிளாக்பெரிப் புதர் நின்றது. யாழ்ப்பாணத்தில் கிளுவைத் தடிகளைக் கதியாலாக நட்டு, அவை துளிர்க்க உயிர்வேலி போட்டுப் பழகிய கை அவருடையது. தடித்த முட்கொடிகளை வெட்டி, நேர்கோட்டுக்குக் கயிறு பிடித்து, இரண்டு சாணுக்கு ஒன்றாக நட்டார். நன்றாகப் பிடிக்கட்டும் என்று நுனிகளையும் வளைத்து மண்ணில் புதைத்தார்.

கிளுவை நட்ட இடத்தில் நிற்கும். இது நிற்கவில்லை. நுனி தொட்ட இடமெல்லாம் வேர்விட்டு, மூன்றாம் வருடம் பாதையில் பாதியை மூடியது.

சங்கத் தலைவி ஹைட்ருன் சனிக்கிழமைகளில் ஆள் சேர்த்து அதை வெட்டினார். ஆரூரன் ஒரு சனியும் தவறவில்லை. இந்த வசந்தத்தில் கொடி சைக்கிள் சில்லில் சிக்கி ஹைட்ருன் விழுந்தார், மணிக்கட்டு முறிந்தது. கட்டோடு சங்கக் கூட்டத்துக்கு வந்தவர், "பறவைகள் போட்ட விதை. யாரையும் குறைசொல்ல முடியாது" என்றார். பிறகு ஆரூரனை எழுந்து நிற்கச் சொல்லி நன்றி சொன்னார். எல்லோரும் மேசையில் தட்டிப் பாராட்டினார்கள். ஆரூரன் தலை நிமிரவில்லை.

"பறவைக்குக் கயிறு பிடிச்சுக் கதியால் நடத் தெரியுமே?" என்றாள் மனைவி பிறேமா, அன்றிரவு அவர் நடந்ததைச் சொன்னதும்.

"சொன்னா தோட்டத்தைப் பறிச்சுப்போடுவினம்."

"பறிக்கட்டும். அந்த மனிசி ஒரு கையால சாப்பிடுறா. நீங்கள் பாராட்டு வாங்கிக்கொண்டு வாறியள்."

அடுத்த சனி, ஆரூரன் ஹைட்ருனைத் தன் எல்லைக்குக் கூட்டிப்போனார். கதியாலுக்கு அவரிடம் ஜெர்மன் சொல் இல்லை. இலைகளை ஒதுக்கி அடிக்கட்டைகளைக் காட்டினார். கோடு கிழித்ததுபோல நின்றன.

"பறவை இப்படி வரிசையாக..." ஹைட்ருன் நிறுத்தினார்.

"நான்தான் நட்டேன்."

"அதனால்தான் எல்லாச் சனியும் வந்தீர்களா?"

அவர் தலையாட்டினார்.

ஹைட்ருன் குனிந்து ஒரு கட்டையைத் தொட்டுப் பார்த்தார். "இதை எழுதிக் கொடுங்கள். தோட்டம் உங்களிடம் இருப்பதா என்று குழு முடிவெடுக்கும்." பிறகு கேட்டார்: "வேரோடு எடுக்க எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும்?"

ஆரூரன் விரல்நுனியிலிருந்து தன் முழங்கை வரை தொட்டுக் காட்டினார். அவ்வளவு ஆழமாக, அவ்வளவு கவனமாக நட்டிருந்ததைச் சொல்லத்தான் அவருக்கு அதிகம் கூசியது.