தெரியாததைத் தெரியாது என்று சொன்ன ஜுலைகா அக்கா

சம்பா நடவுக்கு உரம் ஏற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "மாமா, உம்மா மௌத்தாயிட்டாங்க" என்றான் ஜுலைகா அக்காவின் மகன். துணி காயப்போட்டுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம்.

வலங்கைமான் கடைத்தெருவில் அவருடைய இனிப்புக் கடையும் என் உரக்கடையும் அடுத்தடுத்து இருந்தன. அக்காவுக்கு இதயத் துடிப்பில் கோளாறு உண்டு. தினமும் காலையில் கையில் பட்டையைச் சுற்றி பி.பி. மிஷினைப் பார்த்த பிறகுதான் கடை திறப்பார். "நெஞ்சு நல்லா இருக்குன்னு நாமளா நினைச்சுக்கக் கூடாது தம்பி, பார்த்துடணும்" என்பார்.

சர்க்கரைக்குப் பதிலாக ஒரு இனிப்புப் பொடியைச் சேர்த்து அவர் செய்த பாதாம் பர்பிக்கு ஊரில் பெரிய பெயர். வருஷக்கணக்கில் இனிப்பையே தொடாதவர்கள் அதைக் கேட்டு வாங்கிப் போனார்கள். அக்காவும் தினம் இரண்டு துண்டு சாப்பிடுவார்.

ஒரு நாள் மிஷின் துடிப்பு சீராக இல்லை என்று காட்டியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தார். அதேதான். ஷட்டரைத் திறக்க வேண்டாம் என்றார். நான்தான் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனேன். கிளம்பும்போது அந்தப் பொடிப் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டார்.

டாக்டர் பாக்கெட்டைத் திருப்பிப் படித்தார். "இன்னிக்கு வந்ததுக்கு இது காரணம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இந்த வகைப் பொடி இதயத்துக்கு நல்லதான்னு ஒரு சந்தேகம் இருக்கு. கெடுதல்னு முடிவாகலை, பயமில்லைன்னும் சொல்ல முடியலை. நீங்க தவிர்த்துடுங்க."

திரும்பி வரும்போது பாபநாசம் தாண்டியதும் அக்கா பொடிப் பாக்கெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "யார் யாருக்குக் குடுத்தேன்னு நினைச்சுப் பார்க்கிறேன் தம்பி" என்றார்.

மறுநாளே 'சர்க்கரை உள்ளவர்களும் சாப்பிடலாம்' என்ற பலகையைக் கழற்றினார். அதோடு நிற்கவில்லை. வாடிக்கையாக வாங்கியவர்களின் வீட்டுக்கே போய்ச் சொன்னார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வீட்டுக்கு நானும் உடன் போயிருந்தேன்.

"டாக்டரே கெடுதல்னு சொல்லலையேம்மா, ஏன் நிறுத்துறீங்க?" என்றார் அவர்.

"நல்லதுன்னும் சொல்லலைங்களே ஐயா. எனக்குத் தெரியாததை நல்லதுன்னு சொல்லி வித்துட்டேன். அதை நான்தானே வந்து சொல்லணும்? உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

யாரும் கேட்காத கேள்விக்கு வீடு வீடாகப் போய்ப் பதில் சொல்கிற மனுஷியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அக்கா எதையோ கலந்துவிட்டார் என்று தெருவில் பேச்சு கிளம்பியது. வியாபாரம் படுத்தது. அக்கா யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. இனிப்பில் என்ன இருக்கிறது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சலிக்காமல் சொன்னார். கூட்டம் மெல்லத் திரும்பி வந்தது.

மருந்தும் மிஷினும் துணையிருக்க அதன்பின் சில வருஷம் நன்றாகவே இருந்தார். மிஷினால் எல்லாவற்றையும் முன்கூட்டிச் சொல்லிவிட முடியாதுதான்.

அடக்கம் முடிந்த மறுநாள் கடை திறந்தேன். ஒரு விவசாயி புதிதாக வந்த பூச்சிமருந்தைக் காட்டி, "இதை அடிச்சா வாய்க்கால் மீனுக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாதுங்க. விசாரிச்சுட்டுச் சொல்றேன்" என்று சொல்லிப் போனை எடுத்தேன்.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்த வார்த்தைதான். விவசாயி என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு டப்பாவை வைத்துவிட்டு, காத்திருக்க உட்கார்ந்தார்.