பென் டிரைவில் ஓடிய கம்ப்யூட்டர்

அன்று கடையில் இருந்தது நான்கு பேர்: நான், என் வீட்டுக்காரர், கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் தம்பி, பேத்திக்குக் காதுகுத்துப் பத்திரிகை அடிக்க வந்திருந்த கீழ்பென்னாத்தூர்க்காரர்.

ஜெராக்ஸும் தமிழ் டைப்பிங்கும்தான் எங்கள் பிழைப்பு. கம்ப்யூட்டர் பழையது. இனி இதற்குப் பாதுகாப்பு அப்டேட் வராது என்று திரையில் ஓர் அறிவிப்பு வர ஆரம்பித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்பதாவதோடு நின்றவள் நான். புரியாதது ஏதாவது திரையில் வந்தாலே, நான்தான் எதையோ கெடுத்துவிட்டேன் என்று தோன்றும். புது மெஷினுக்கு வழியில்லை. லினக்ஸ் போடலாம், இலவசம், பழைய மெஷினிலும் ஓடும் என்றார் தம்பி. இலவசம் என்றதும் பயம் ஜாஸ்தியானது. சும்மா கொடுக்கிறவன் பின்னால் எதைப் பிடுங்குவான் என்று கேட்டேன்.

"பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலத்துல சும்மாதான சோறு போடறாங்க. நீ என்னைக்காவது வேணாம்னு வந்திருக்கியா?" என்றார் வீட்டுக்காரர். கீழ்பென்னாத்தூர்க்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

லினக்ஸில் பல வகை உண்டாம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஏற்றது என்று மூன்றை, தனித்தனிப் பென் டிரைவில், தம்பி கொண்டுவந்திருந்தார். கம்ப்யூட்டருக்குள் ஏற்றாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். முதலாவது அழகாக இருந்தது. எங்கே தொட்டால் அணையும் என்றுதான் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டாவது நல்ல வேகம், ஆனால் தமிழில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். மூன்றாவதில் மெனு பழையபடி இடது கீழ் மூலையில் இருந்தது. தமிழ் ஒழுங்காக வந்தது. பிரிண்டர் எதுவும் கேட்காமல் ஒரு தாளைத் தள்ளியது. இதுவே போதும் என்றேன்.

ஆனால் உள்ளே ஏற்றவிடவில்லை. இத்தனை வருஷத்துப் பத்திரிகைகள் அதில்தான் இருக்கின்றன. அழிந்துவிட்டால்?

"இன்ஸ்டால் பண்றவரைக்கும் பழசுல கையே வெக்காதுக்கா. நாலு நாள் இப்படியே ஓட்டிப் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தம்பி கிளம்பினார். பழையதைப் பற்றி அவரை வாசல்வரை போய்க் கேட்டேன். புதிதாக எழுதப்போவதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

கீழ்பென்னாத்தூர்க்காரர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல டைப் செய்தேன். சிக்கல் தாய்மாமன் வரியில் வந்தது. குழந்தை இவருடைய மகள் வயிற்றுப் பேத்தி. மாமன்கள் இருவரும் இவர் பிள்ளைகள். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. யார் பெயர் முன்னால்? வீட்டுக்குப் போன் போட்டார், வெளியே போய் டீ குடித்தார், கடைசியில் மூத்தவன் பெயரை முதலில் போடச் சொன்னார். இனி ஓர் எழுத்தும் மாற்றக் கூடாது என்றார். மொத்தம் ஆயிரத்து இருநூறில் ஐந்நூறு அட்வான்ஸ் கொடுத்தார். மீதியைப் பத்திரிகை எடுக்க வரும்போது மூத்தவன் தருவானாம். குழந்தையின் போட்டோ மறுநாள்தான் வரும் என்பதால் பிரிண்ட் எடுக்கவில்லை. டெஸ்க்டாப்பில் சேவ் செய்தேன். சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் செய்தேன்.

காலையில் திறந்தால் டெஸ்க்டாப் வெறிச்சென்று கிடந்தது. தம்பிக்குப் போன் செய்தேன். பென் டிரைவில் ஓட்டும்போது எழுதுவதெல்லாம் அணைத்ததும் போய்விடும், வேறு பென் டிரைவில் போட்டிருக்க வேண்டும், சொல்ல விட்டுப்போச்சு என்றார். அதற்குள் கீழ்பென்னாத்தூர்க்காரர் போட்டோவோடு பஸ் ஏறியிருந்தார். அவர் வரும்வரை கடைக்குள் உட்காரவும் முடியவில்லை, வெளியே நிற்கவும் முடியவில்லை.

வந்ததும் சொல்லிவிட்டேன். அவர் குனிந்து திரையைப் பார்த்தார்.

"எதுவுமே இல்லியா?"

"இல்லீங்க."

"அப்ப சின்னவன முன்னாடி போடும்மா. ராத்திரி தோடு எடுத்தாந்துட்டான்."

"நேத்து பெரியவர் பேரத்தான முதல்ல போடச் சொன்னீங்க?"

"நேத்து எழுதனத எவன் பாத்தான்?"

போட்டேன். இந்தத் தடவை வேறு பென் டிரைவில் ஒன்று, என் போனுக்கு ஒன்று என்று அனுப்பி வைத்துக்கொண்டேன்.

பத்திரிகை எடுக்க மூத்த மகன் வந்தார். ஒன்றை உருவி நின்றபடியே படித்தார். முகத்தில் கோபம் எதுவும் தெரியவில்லை.

"முன்னாடி பேரு இருக்கறவன்கிட்ட வாங்கிக்கங்கக்கா" என்று சொல்லிவிட்டு, கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இளையவரின் நம்பர் என்னிடம் இல்லை. அப்பாவுக்குப் போன் செய்யலாம். முதல் நாள் எழுதியது இருந்திருந்தால் இந்த வம்பு வந்திருக்குமா என்று கேட்டுவிடுவாரோ என்று கை வரவில்லை. இன்ஸ்டால் பட்டனையும் இன்னும் அமுக்கவில்லை. காதுகுத்து முடிந்துவிட்டது. பாக்கி எழுநூறு ரூபாய்.